பேரிடரில் இறந்தோரை அடையாளம் காணும் முறை

உடல் கண்டெடுக்கப்படும் இடத்திலேயே அடையாளம் காணும் பணி தொடங்கிவிடுகிறது. ஒவ்வோர் உடலுக்கும், தனியே கிடைக்கும் ஒவ்வோர் உடற்பகுதிக்கும், வேறெதற்கும் தரப்படாத ஓர் எண்ணை இட்டு, அதை நீரில் அழியாத அட்டையில் எழுதி உடலோடும் உறையோடும் கட்ட வேண்டும். அருகில் கிடந்த கை அந்த உடலுக்கே உரியது என்று ஊகித்து ஒன்றாகச் சேர்க்கலாகாது. சட்டைப்பையில் அடையாள அட்டை இருந்தாலும் அது பிறருடையதாக இருக்கக்கூடும்.

முகம் விரைவில் உருமாறிவிடுவதால், எண் தெளிவாகத் தெரியும்படி முழு உடலையும், முகத்தையும், தழும்பு, பச்சை குத்திய அடையாளம், உடை ஆகியவற்றையும் உடனே படமெடுக்க வேண்டும். பின்னர் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைப்பது நலம். அதற்கு வழியில்லையெனில், எண்ணுடன் ஒரே அடுக்காகத் தற்காலிகமாகப் புதைக்கலாம். பேரிடரில் இறந்தோரின் உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்துக்குப் பெரும்பாலும் அடிப்படை இல்லை. ஆயினும் அந்த அச்சத்தால் அவசரமாகத் தோண்டப்படும் பொதுக்குழிகளே இப்பணிக்குப் பெருங்கேடு செய்கின்றன.

பரிசோதனையில் கைரேகை, பல், டி.என்.ஏ. ஆகிய மூன்றுமே முதன்மையானவை. நீரில் ஊறி விரல்தோல் கழன்றிருந்தால், கையுறை அணிந்த தன் விரலின்மேல் அத்தோலைப் பொருத்திப் பரிசோதகர் ரேகை எடுக்கலாம். பற்கள் வெப்பத்தையும் அழுகலையும் தாங்குபவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தாய்லாந்தில், தொடக்க மாதங்களில் அடையாளம் காணப்பட்டவர்களுள் பெரும்பாலோருக்குப் பல் பதிவேடுகளே துணைநின்றன. மென்திசு சிதைந்துவிட்ட உடலில் எலும்பிலிருந்தோ பல்லிலிருந்தோ டி.என்.ஏ. எடுக்கலாம்; ஒப்பிடுவதற்குப் பெற்றோர் அல்லது பிள்ளைகளின் மாதிரியே சிறந்தது, இறந்தவர் பயன்படுத்திய பல் துலக்கியும் உதவும்.

இதற்கிடையே, வேறொரு குழு குடும்பத்தாரிடம் பல் மருத்துவர் யார், என்னென்ன அறுவை சிகிச்சைகள் நடந்தன, உடலில் வரிசை எண் கொண்ட செயற்கை மூட்டோ இதயமுடுக்கியோ உண்டா என்று பொறுமையாகக் கேட்டுப் பதிய வேண்டும். பன்னாட்டுக் காவல்துறை அமைப்பான இன்டர்போலின் முறையில் இதற்கு மஞ்சள் படிவமும் உடற்பரிசோதனைக்கு இளஞ்சிவப்புப் படிவமும் உள்ளன.

இரு படிவங்களையும் ஒப்பிடும்போது, விளக்க முடியாத ஒரு முரண்பாடு இருந்தாலும் முடிவை நிறுத்திவைக்க வேண்டும். உறவினர் முகத்தை மட்டும் பார்த்துச் சொல்வதைப் போதிய சான்றாக ஏற்கலாகாது. துயரத்தில் கண் எளிதில் ஏமாறும். எழுத்துப்பூர்வமாக உடலை ஒப்படைக்கும் அன்றே, பின்னாளில் வேறு உடற்பகுதிகள் கிடைத்தால் தெரிவிக்கலாமா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.