மலைநாட்டு மீன் தொட்டிக்குக் கிளாரிஃபயர் ஊற்றும் முன்

கலங்கிய மீன் தொட்டிக்கு கிளாரிஃபயர் (கலங்கலைத் தெளியவைக்கும் போத்தல் மருந்து) ஊற்றினால் கொழும்புச் சூட்டில் ஒரே இரவில் தெளிந்துவிடலாம். அதே மருந்து, ஹீட்டர் இல்லாமல் 16, 17 பாகையில் நிற்கும் நுவரெலியாத் தொட்டியில் இரண்டு நாள் எடுக்கும். குளிரில் தூசு திரள்வது மெதுவாகத்தான் நடக்கும். அது தெரியாமல் மறுநாள் காலையில் இன்னொரு மூடி ஊற்றினால் மீன்கள் சாகக்கூடும்.

கிளாரிஃபயர் அழுக்கைக் கரைப்பதில்லை. தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய தூசுக்கு மறை மின்னேற்றம் உண்டு. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அடியில் படியாமல் நிற்கும். பெரும்பாலான போத்தல்களில் இருப்பது நேர் மின்னேற்றமுள்ள பொலிமர். அது தூசுகளை ஒட்டவைத்து, பில்டர் பஞ்சில் சிக்கும் அளவுக்குத் திரட்டுகிறது. பில்டர் சரியில்லாவிட்டால் ஊற்றுவது வீண்.

1. என்ன கலங்கல் என்று பாருங்கள்

ஒரு கண்ணாடிக் கிளாஸில் தொட்டித் தண்ணீரை எடுத்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் வெள்ளைத் தாளை அதன் பின்னால் பிடித்துப் பாருங்கள்.

- அடியில் மண் படிந்திருந்தால், அல்லது மெல்லிய தூசு இன்னும் மிதந்தால்: கிளாரிஃபயர் உதவும்.
- பிளேன்டி நிறத்தில் தெளிவாக இருந்தால்: மரக்கட்டையின் சாயம். கிளாரிஃபயர் ஒன்றும் செய்யாது, அக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.
- பச்சையாக இருந்தால்: பாசி. லைட்டை ஒரு நாளைக்கு 6 மணித்தியாலமாகக் குறையுங்கள், ஜன்னல் வெயிலை மறையுங்கள்.
- புதுத் தொட்டியில் வெள்ளையாக மங்கி, படியாமலே நின்றால்: பக்டீரியா பெருகுகிறது. தானாக அடங்கும். குளிரில் நல்ல பக்டீரியா மெதுவாகத்தான் வளரும், ஆகவே வாரக்கணக்கில் நீளலாம். அமோனியா டெஸ்ட் எடுத்து, இருந்தால் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். மருந்து வேண்டாம்.

2. உண்மையான லீற்றரைக் கணக்கிடுங்கள்

கடைக்காரர் சொன்ன கொள்ளளவை நம்பி ஊற்றக்கூடாது. நீளம் × அகலம் × மணலுக்கு மேலுள்ள தண்ணீரின் உயரம், எல்லாம் சென்ரிமீற்றரில். வருவதை 1000ஆல் வகுங்கள். இரண்டடித் தொட்டியில் 60 × 30 × 25 என்றால் 45 லீற்றர். கல், கட்டைக்கு ஒரு 5 கழித்தால் 40.

3. KH பாருங்கள்

KH என்பது pH சரியாமல் தாங்கும் காரத்தன்மையின் அளவு. மழைத் தண்ணீரிலும் பாறை ஊற்றிலும் கரைந்த சுண்ணம் குறைவாக இருப்பதுண்டு. KH குறைந்த தண்ணீரில் pH எளிதில் சரியும், முக்கியமாக அலுமினிய உப்பு கலந்த கிளாரிஃபயர் என்றால். டெஸ்ட் கிட்டில் KH 3க்குக் கீழே காட்டினால், அப்பச்சோடாவை (பேக்கிங் பவுடர் அல்ல) ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து மெதுவாக விடுங்கள். 40 லீற்றருக்கு கால் தேக்கரண்டி போட்டால் KH ஏறத்தாழ 1 கூடும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் கூட்ட வேண்டாம். அமோனியா இருக்கும் தொட்டியில் இதைத் தொடவே வேண்டாம், pH ஏறினால் அமோனியாவின் நஞ்சும் ஏறும்.

4. பில்டரைத் தயார் செய்யுங்கள்

கார்பன் இருந்தால் வெளியே எடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். UV லைட்டை நிறுத்துங்கள். பழைய ஸ்பொஞ்சுக்கு முன்னால் புதிய வெள்ளைப் பில்டர் பஞ்சு ஒரு அடுக்கு வையுங்கள். ஏர் பம்பை முழு வேகத்தில் விடுங்கள். குளிர் தண்ணீரில் ஒட்சிசன் தாராளமாக இருக்கும் என்ற நினைப்பு நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில் பாதிதான் சரி. அங்கே காற்றமுக்கம் கடல் மட்டத்தின் 80 சதவீதம்தான். 18 பாகைத் தண்ணீர் அங்கே பிடித்துக்கொள்ளும் ஒட்சிசன் லீற்றருக்குச் சுமார் 7.6 மில்லிகிராம், கொழும்பின் 28 பாகைத் தண்ணீரில் இருப்பதற்கு ஏறக்குறைய சமம்.

5. அரை அளவு, காலையில்

போத்தலில் 10 லீற்றருக்கு 1 மி.லீ. என்று இருந்தால் 40 லீற்றருக்கு 4 மி.லீ. நீங்கள் எடுக்க வேண்டியது 2. மூடியால் அளக்காதீர்கள், பாமசியில் 5 மி.லீ. சிறிஞ்ச் வாங்கி ஊசியில்லாமல் பாவியுங்கள். ஒரு லீற்றர் தொட்டித் தண்ணீரில் கலக்கி, பில்டர் தண்ணீர் விழும் இடத்தில் ஐந்து நிமிடத்தில் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். இரவில் ஊற்றினால் மீன் திணறுவதைப் பார்க்க ஆள் இருக்காது. கரண்ட் போகும் அறிகுறியுள்ள இடி மழை நாளையும் தவிருங்கள். பம்ப் நின்றால் திரண்ட அழுக்கு பில்டருக்குப் போகாமல் மணலில் உட்கார்ந்துவிடும்.

இறால் வளர்ப்பவர்கள் லேபலில் இறாலுக்கு ஆகும் என்று எழுதியிருந்தால் மட்டும் ஊற்றவும். நோய் மருந்து போட்டிருக்கும் தொட்டியில் எதையும் சேர்க்க வேண்டாம். இன்னொன்று: அன்டி குளோரின் (குளோரின் நீக்கும் மருந்து) வேறு, கிளாரிஃபயர் வேறு. போத்தலின் நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள்.

6. 48 மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டிருங்கள்

முதல் சில மணி நேரம் தண்ணீர் முன்பைவிட மோசமாகத் தெரியலாம். தூசு திரளும்போது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். 24 மணித்தியாலத்தில் வெள்ளைப் பஞ்சை எடுத்து எறிந்து புதிது வையுங்கள். ஸ்பொஞ்ச் அடைத்திருந்தால் வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரில் இரண்டு முறை பிழியுங்கள். குளோரின் உள்ள பைப் தண்ணீரில் கழுவினால் பக்டீரியா செத்து, அடுத்த வாரம் புதுக் கலங்கல் வரும். இரண்டு நாள் கழித்தும் தெளியாவிட்டால் மீதி அரை அளவை விடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கை மீறிப் போனால்

அளவு கூடினால் தூசு முழுவதும் நேர் ஏற்றமாகி மறுபடியும் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கும். தண்ணீர் பால் நிறமாகி, எத்தனை நாள் ஆனாலும் படியாது. புதிதாக வளர்ப்பவர் மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார். பொலிமர் செவுளில் ஒட்டும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் படபடக்கும்.

உடனே 30 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். புதிய தண்ணீர் குளோரின் நீக்கியதாகவும் தொட்டியின் அதே சூட்டிலும் இருக்க வேண்டும். அதிகாலைப் பைப் தண்ணீர் தொட்டியைவிடக் குளிராக இருந்தால், வாளியில் சுடுதண்ணீர் கலந்து தெர்மாமீட்டரில் சமப்படுத்துங்கள். கார்பனைத் திருப்பி வையுங்கள். திணறல் தொடர்ந்தால் ஆறு மணித்தியாலம் கழித்து மறுபடி 30 சதவீதம்.

பீலித் தண்ணீர் (மலை ஊற்றுத் தண்ணீர்) பாவிப்பவர்களுக்கு

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, பீலியில் சிவந்த தண்ணீர் வரலாம். அதைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு மருந்து தேடாதீர்கள். பெரிய வாளியில் இரண்டு நாள் மூடி வைத்து, மேலுள்ள மூன்றில் இரண்டு பங்கை மட்டும் குழாய் வைத்து இழுங்கள். அதுவும் தெளியாவிட்டால் கிளாரிஃபயரை வாளியிலேயே போட்டுப் படியவிடலாம்.

படிகாரமும் தேற்றாங்கொட்டையும் தண்ணீரைத் தெளிய வைக்கும் என்பது உண்மை. ஆனால் மீன் இருக்கும் தொட்டிக்கு இரண்டும் ஆகாது. படிகாரம் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுவிடும், KH குறைந்த மலைத் தண்ணீருக்கு அது பெரிய இழப்பு. தேற்றாங்கொட்டையின் அளவை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தெளிந்த தொட்டி இரண்டு வாரத்துக்குள் மறுபடி கலங்கினால், போத்தலை எடுக்காமல் தீனியைக் குறையுங்கள். 18 பாகைக்குக் கீழே மீன் மெதுவாகத்தான் தின்னும். இரண்டு நிமிடத்தில் முடிக்கும் அளவு, நாளுக்கு ஒரு தடவை போதும்.