புது பிராசசர் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

காத்திருந்தால் லாபம் உண்டு. ஆனால் புது சிப் கடைக்கு வரும் நாளில் அந்த லாபம் கிடைப்பதில்லை. மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் கிடைக்கிறது. முதல் நாளில் விலை உச்சத்தில் இருக்கும், நடுத்தர விலை மதர்போர்டுகள் வந்திருக்காது, பயாஸ் (மதர்போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அரைகுறையாக இருக்கும்.

ஏஎம்டியின் ரைசன் 5 7600எக்ஸ் 2022 செப்டம்பரில் 299 டாலருக்கு வந்தது. கூலர் தனியாக வாங்க வேண்டும். 2023 ஜனவரியில் ரைசன் 5 7600 வந்தது: 229 டாலர், பெட்டிக்குள்ளேயே கூலர். அதே ஆறு கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி). கேமில் இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம். இன்டெலிலும் இதே வழக்கம்தான். கே என்று முடியும் விலை உயர்ந்த சிப்கள் அக்டோபர், நவம்பரில் வரும். 12400, 13400, 14400 என்று பெரும்பாலோர் வாங்குகிற சிப்கள் அடுத்த ஜனவரியில் வரும். கோர் அல்ட்ரா 200 வரிசையும் 2024 அக்டோபர், 2025 ஜனவரி என்று இரண்டு தவணையாகவே வந்தது. கேமர்கள் கேட்கும், கூடுதல் கேஷ் மெமரி உள்ள ஏஎம்டியின் எக்ஸ்3டி சிப்பும் முதல் நாளில் வருவதில்லை. 7000 வரிசை 2022 செப்டம்பரில் வந்தது, 7800எக்ஸ்3டி 2023 ஏப்ரலில். 9000 வரிசை 2024 ஆகஸ்டில், 9800எக்ஸ்3டி நவம்பரில். இந்த 9800எக்ஸ்3டி, அறிவித்த 479 டாலர் விலைக்குப் பல வாரம் யார் கையிலும் சிக்கவில்லை.

ஆகவே வெளியீட்டுத் தேதியைத் தேடும் முன், உங்களுக்கு வேண்டிய மாடல் எந்தத் தவணையில் வரும் என்று பாருங்கள். மலிவான ஆறு கோர் சிப் வாங்கப் போகிறவர் அக்டோபர் அறிவிப்புக்காகக் காத்திருப்பது வீண்.

குறை பிராசசரில்தானா?

பாதிப் பேருக்குக் குறை வேறு இடத்தில் இருக்கும். டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்த சதவீதத்தை நம்பாதீர்கள். 6 கோர் 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) சிப்பில் ஒரு திரெட் முழுதாகத் திணறினாலும் மொத்தத்தில் 8 சதவீதம்தான் காட்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, கிராபிக்ஸ் கார்டு பயன்பாட்டையும் எஃப்பிஎஸ்ஸையும் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) திரை ஓரத்தில் வரவையுங்கள். கேம் செட்டிங்கில் வி-சிங்க் (எஃப்பிஎஸ்ஸைத் திரையின் வேகத்தோடு கட்டுவது), எஃப்பிஎஸ் வரம்பு, டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷன் படத்தைப் பெரிதாக்குவது) எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இதை மறந்தால் எண் 60-லேயே நிற்கும், சோதனை முழுக்கப் பொய்யாகிவிடும்.

கேமில் ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்துக்குப் போய் 1080பி-யில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பிறகு அதே இடத்தில் 720பி-யில் ஒரு நிமிடம். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் தடை. எந்தப் புது பிராசசரும் உதவாது. எண் அசையாமல், கார்டு பயன்பாடும் 70, 80-லேயே கிடந்தால் தடை பிராசசர் பக்கம்.

அப்போதும் உடனே பர்ஸைத் திறக்க வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து ராம் வேகத்தைப் பாருங்கள். 3200 என்று வாங்கிய டிடிஆர்4 ராம் 2133 அல்லது 2666-ல் ஓடிக்கொண்டிருந்தால், பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடவே இல்லை என்று அர்த்தம். ஒற்றை ராம் குச்சி மட்டும் இருந்தால் இன்னொன்று சேர்த்து இரட்டைச் சேனல் ஆக்குங்கள். பல கேம்களில் இதுவே கண்கூடான மாற்றம் தரும்.

எப்போது பொறுக்கலாம்

கம்பெனியே விற்பனைத் தேதியைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தேதி இரண்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும். இப்போதைய கம்ப்யூட்டர் அதுவரை வேலைக்கு ஆகவேண்டும். மூன்றும் சேர்ந்தால் பொறுங்கள். கசிந்த பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) எண்ணை நம்பிப் பொறுக்காதீர்கள்.

புது எண் என்றாலே கூடுதல் வேகம் என்பதும் இல்லை. இன்டெலின் 14-ஆம் தலைமுறையில் 14700கே-வுக்கு நான்கு இ-கோர் (மின்சாரம் குறைவாக எடுக்கும் சிறிய கோர்) கூடியது; 14600கே கிட்டத்தட்ட பழைய 13600கே-வேதான். கோர் அல்ட்ரா 9 285கே மின்சாரத்தை மிச்சம் பிடித்தது, ஆனால் பல கேம்களில் முந்தைய 14900கே-விடம் தோற்றது. இதற்காக ஒரு வருடம் காத்திருந்தவர்கள் பழைய சிப்பையே, அதுவும் விலை குறைந்த நேரத்தில், வாங்கியிருக்கலாம்.

முந்திக்கொண்டு வாங்குபவர்களுக்கு வேறு தொல்லையும் உண்டு. 2023 ஏப்ரலில் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (சிப்பில் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) அதிகமாகக் கொடுத்ததால் எக்ஸ்3டி சிப்கள் கருகின. பிறகு ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தி பயாஸ் வெளியிட்டது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக சிப்கள் அதிக வோல்டேஜால் தேய்ந்து கிராஷ் ஆன விவகாரத்துக்கு 2024 ஆகஸ்ட், செப்டம்பரில்தான் மைக்ரோகோட் (சிப்புக்கான திருத்த மென்பொருள்) வந்தது. அது மேலும் கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. அதனால் செகண்ட் ஹேண்டில் 13900கே, 14900கே மலிவாகக் கிடைக்கிறதே என்று பாயாதீர்கள்.

சாக்கெட்டைப் பார்த்து வாங்கினால் காத்திருப்பே தேவையில்லை

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் சிப் உட்காரும் இடம்) 2017-இல் ரைசன் 1000 சிப்போடு போர்டு வாங்கிய பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி வரை ஏற்றிக்கொண்டார்கள். போர்டும் ராமும் மாறவில்லை. அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-ஐ 2027-க்கும் அப்பால் ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆக இன்றைக்கு ஏஎம்5-க்கான பி650 அல்லது பி850 போர்டில் மலிவான ஆறு கோர் சிப்பைப் போட்டுவிட்டு, எக்ஸ்3டி விலை இறங்கும்போது சிப்பை மட்டும் மாற்றலாம். எங்கள் கணிப்பில் பெரும்பாலோருக்கு இதுதான் சரியான வழி. இன்டெல் போர்டுக்கு இந்த ஆயுள் வழக்கமாகக் கிடையாது. அங்கே வாங்கினால் ஐந்து வருடத்துக்கு அதே சிப் என்று நினைத்து வாங்குங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்காக மெமரி தயாரிப்பு திருப்பப்பட்டதில் டிடிஆர்5 ராம் விலை கடுமையாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. பிராசசரில் மிச்சம் பிடிக்கக் காத்திருந்து ராமில் இரட்டிப்பாகக் கொடுத்தால் நட்டம்தான். காத்திருப்பதென்று முடிவு செய்தாலும் ராம் விலையைத் தனியாகக் கவனியுங்கள்.

வாங்கும்போது

அமெரிக்க டாலர் விலையில் வரி சேராது. இங்கே பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஒப்பிடும்போது அதைச் சேர்த்தே கணக்கிடுங்கள். சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும் ‘டிரே பீஸ்’ (பெட்டி இல்லாத சிப்) விலை குறைவாக இருக்கும். ஆனால் கம்பெனியின் மூன்று வருட வாரண்டி சீல் உடையாத பெட்டிக்குத்தான். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

டிடிஆர்5-இல் இரண்டு குச்சியாக வாங்குங்கள். ஏஎம்5-க்கு 6000 வேகம், சிஎல்30 (ராமின் தாமத அளவு) போதும். நான்கு குச்சி போட்டால் அதிகாரபூர்வ வேகம் 3600-க்கு இறங்கிவிடும்.

பழைய ஸ்டாக் போர்டில் புது சிப்பைப் போட்டால் படமே வராமல் போகலாம், பயாஸ் பழசு என்பதால். பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பார்த்து வாங்குங்கள். பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, பயாஸ் ஃபைலுக்கு போர்டு கையேடு சொல்லும் பெயரை வைத்து, அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகுங்கள். 24 பின், 8 பின் மின் இணைப்பு இரண்டும் இருக்கட்டும். பட்டனை மூன்று விநாடி அழுத்தினால் விளக்கு மினுக்கும். அது தானாக அணையும்வரை, சில நேரம் பத்து நிமிடம்கூட, சுவிட்சைத் தொடாதீர்கள். கரன்ட் போகும் நேரமாகப் பார்த்துச் செய்யாதீர்கள், யுபிஎஸ் இருந்தால் அதில் போடுங்கள்.

முதல் முறை ஆன் செய்ததும் ஏஎம்5 போர்டு ராமை அளந்து பழகும். நாலைந்து நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம், போர்டில் ராமைக் குறிக்கும் டிராம் விளக்கு எரியலாம். இந்த நேரத்தில் பயந்து அணைத்து அணைத்துப் போடுவதால்தான் நல்ல போர்டைக்கூட ‘டெட்’ என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். கால் மணி நேரம் கழித்தும் படம் வராவிட்டால், ஒரே ஒரு குச்சியை பிராசசர் பக்கமிருந்து இரண்டாவது ஸ்லாட்டான ஏ2-வில் போட்டு, சிமாஸை கிளியர் செய்துவிட்டு (பயாஸ் அமைப்புகளை அழித்துவிட்டு) மறுபடி பாருங்கள்.