பழைய அக்கார்டியன் எந்த ஊர்ப் பெட்டி? கண்டுபிடிக்கும் வழி

போன வருடம் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது பீரோ, கட்டிலோடு ஒரு அக்கார்டியனையும் விலைக்குப் போட்டார்கள். வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் சேலம் இறங்கினேன். முகப்பில் ஒட்டியிருந்த உலோக எழுத்துகளில் பாதி உதிர்ந்து 'மைஸ்டர்' மட்டும் மிச்சம். எந்த ஊரில் செய்தது என்று கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது, வழி தெரிந்திருந்தால் ஒரு மணி நேர வேலைதான்.

கொண்டுவந்ததும் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். முத்திரை, பென்சில் எழுத்து, ஒட்டுச்சீட்டு எல்லாம் அழுக்கோடு போய்விடும். துருத்தியை வெறுமனே இழுக்காமல், இடது கைப் பக்கம் இருக்கும் காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே மெதுவாகத் திறங்கள்.

முகப்புப் பெயர் ஒரு தடயம்தான். பழைய ஹோனர் என்றால் ஜெர்மனியின் ட்ராசிங்கன், 1857-ல் தொடங்கிய கம்பெனி. வெல்ட்மைஸ்டர் என்றால் அதே நாட்டின் கிழக்குப் பகுதியில் இருக்கும் கிளிங்கன்தால். பாவ்லோ சொப்ரானி என்றால் இத்தாலியின் காஸ்டெல்ஃபிடார்டோ, அங்கே சொப்ரானி 1863-லேயே பட்டறை போட்டுவிட்டார். ஸ்கண்டல்லி என்றால் அதே வட்டாரத்தின் கமெரானோ. பேரட் என்றால் சீனாவின் தியான்ஜின். ஆனால் வெளிநாட்டில் கடைக்காரர்கள் தொழிற்சாலையில் ஆர்டர் கொடுத்துத் தங்கள் பெயரையே பொறித்து விற்றதும் உண்டு, அதனால் கேள்விப்படாத பெயர் இருந்தால் அது கடையின் பெயராகவும் இருக்கலாம்.

அடுத்தது முதுகுப் பக்கமும், இடது கைப் பொத்தான்கள் இருக்கும் பேஸ் பக்க மூடியும். தோள் வார் மாட்டும் இடத்துக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். 'யு.எஸ். ஸோன் ஜெர்மனி' என்று இருந்தால் அமெரிக்கர் கையில் இருந்த ஜெர்மன் பகுதி, இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-க்கும் 1949-க்கும் இடைப்பட்ட காலம். 'ஜி.டி.ஆர்.' என்று இருந்தால் கிழக்கு ஜெர்மனி, 1949-லிருந்து 1990 வரைக்குள். 'டி.ஆர்.ஜி.எம்.' என்பது ஜெர்மன் பதிவு முத்திரை, பெரும்பாலும் போருக்கு முந்தைய சரக்கு. என் பெட்டியில் வார் உரசி மங்கிய இடத்தில் 'ஜி.டி.ஆர்.' கிடைத்தது, 'மைஸ்டர்' என்பது வெல்ட்மைஸ்டரின் மிச்சம் என்று அப்போதே புரிந்துவிட்டது. பேஸ் பொத்தான்களை எண்ணி ஊரைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அது வேண்டாம். 120 பொத்தான் எல்லா நாட்டிலும் செய்தார்கள்.

நிஜமான விஷயம் உள்ளே இருக்கிறது. துருத்தி ஓரத்தில் சுற்றிலும் இருக்கும் ஆணிகளைக் குறட்டின் வாயில் துணி சுற்றி நேராகப் பிடுங்குங்கள். ஒவ்வொரு ஆணியும் அதனதன் துளைக்கே திரும்பப் போக வேண்டும், அட்டையில் அதே வரிசையில் குத்தி வையுங்கள். பிறகு பெட்டியைப் பிரித்தால் மரக்கட்டைகளில் வரிசையாக ரீடு, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் நாக்குகள், தெரியும். ஆர்மோனியத்தில் பித்தளை நாக்கு பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும், இங்கே எஃகு நாக்கு, அலுமினியக் கலவைத் தகட்டிலோ துத்தநாகத் தகட்டிலோ ரிவெட் அடித்திருப்பார்கள். ஒவ்வொரு தகடும் தனித்தனியாகத் தேன்மெழுகால் ஒட்டியிருந்தால் இத்தாலி, ஜெர்மனி வழக்கம். தோல் மேல் நீளமான ஒரே தகடாக ஆணியடித்து, வலது பக்கமும் பியானோ கட்டைக்குப் பதில் பொத்தானாக இருந்தால் பயான் எனும் ரஷ்யப் பொத்தான் அக்கார்டியனாக இருக்க நல்ல வாய்ப்பு. நாக்கின் ஓரத்தில் நீலக் கோடு தெரிந்தால் கைவேலை ரீடாக இருக்கலாம், இத்தாலிய உயர்ரகப் பெட்டிகளில் இது உண்டு. ரீடு இருக்கும் மரக்கட்டையின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதிய எண்ணோ தேதியோ இருந்தால் உடனே போட்டோ எடுத்துவிடுங்கள். ரிப்பேர் பார்த்தவர் எழுதியதாகவும் இருக்கலாம், அதனால் அதைச் செய்த வருடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முத்துச்சிப்பி மாதிரி மினுங்கும் மேலுறையை விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு, பழைய பெட்டிதான். அது பட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் விளக்கோ சால்டரிங் ராடோ வேண்டாம்.

சேலத்து வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் உள்ளே மெழுகு இளகி ரீடு கழன்றுவிடும், ஏற்காட்டு ஈரத்தில் தோலில் பூஞ்சை பிடிக்கும். என்னுடையதில் ரீடு தகடுகளில் காற்றை அடைக்கும் தோல் இதழ்கள் பதினொன்று வளைந்து கிடந்தன. ஊர் தெரிந்த பிறகுதான் எந்த அளவு தோல் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரிந்தது.