புது டிவியில் படம் கண்ணைக் கூசுகிறதா? பிக்சர் செட்டிங்ஸை இந்த வரிசையில் மாற்றுங்கள்

புது டிவியை மாட்டி ஆன் செய்ததும் புல்லெல்லாம் கண்ணைப் பறிக்கும் பச்சையாக, முகமெல்லாம் செக்கச்செவேல் என்று தெரிந்தால் அது கோளாறு இல்லை. கடையில் வரிசையாக ஓடும் டிவிகளுக்கு நடுவே எடுப்பாகத் தெரிவதற்கென்றே உள்ள பிக்சர் மோட் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ரிமோட்டை வைத்தே எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம்.

ராத்திரி நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் விளக்கு வெளிச்சத்தில் உட்காருங்கள். செட்டிங்ஸ், அதற்குள் பிக்சர், அதற்குள் பிக்சர் மோட். அங்கே விவிட் அல்லது டைனமிக் என்று இருந்தால் சினிமா, மூவி, ஃபிலிம்மேக்கர் இதில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்தது. மாற்றிய உடனே படம் மங்கலாகவும் லேசான மஞ்சளாகவும் தோன்றும், தயவுசெய்து பழைய மோடுக்கு ஓடிவிடாதீர்கள். படத்துக்கு நிறம் சேர்ப்பவர்கள் வைத்திருக்கும் மானிட்டரில் வெள்ளை என்பது சுமார் 6500 கெல்வின் (வெள்ளை எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதற்கான அளவு, எண் கூடினால் நீலம் கூடும்). விவிட் மோடில் வரும் வெள்ளையில் நீலம் கலந்திருக்கும், அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் இது மஞ்சள். கலர் டெம்பரேச்சரை வார்மிலேயே விடுங்கள், சில நாளில் பழகிவிடும்.

அடுத்து எனர்ஜி சேவிங், ஆட்டோ பிரைட்னஸ் இரண்டையும் அணையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒன்று வைக்க, டிவி தானாக வேறொன்று வைக்கும்.

இப்போது பிரைட்னஸ். இங்கேதான் பெயரில் குழப்பம். பல டிவிகளில் திரையின் மொத்த வெளிச்சத்துக்கு பேக்லைட், கறுப்பின் அளவுக்கு பிரைட்னஸ். சோனியின் ஆண்ட்ராய்டு டிவிகளிலோ மொத்த வெளிச்சம்தான் பிரைட்னஸ், கறுப்புக்கு பிளாக் லெவல் என்று தனியாக இருக்கும். மொத்த வெளிச்சத்தைக் கண் உறுத்தாத அளவுக்கு வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு படத்தில் இருட்டான காட்சியை நிறுத்திவைத்து ஒருவரின் தலைமுடியைப் பாருங்கள். முடி சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கறுப்புக்கான அந்த செட்டிங்கின் எண்ணைக் குறைக்க வேண்டும், முடியும் பின்னால் உள்ள இருட்டும் ஒன்றாக அப்பிக்கொண்டால் கூட்ட வேண்டும். வெள்ளையின் அளவை மாற்றும் கான்ட்ராஸ்டுக்கு வெயிலில் எடுத்த காட்சி, வெள்ளை வேட்டி கட்டியவர் இருந்தால் ரொம்ப நல்லது. வேட்டியின் மடிப்புகள் தெரியும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கலரைப் பெரும்பாலும் தொடவே வேண்டாம். ஷார்ப்னஸைக் குறையுங்கள். அதைக் கூட்டினால் புதிதாக எந்த விவரமும் வராது, முகத்தைச் சுற்றி வெள்ளைக்கோடுதான் வரும்.

அப்புறம், சினிமாவெல்லாம் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறதா? படம் எடுப்பது பொதுவாக விநாடிக்கு 24 பிரேம். நடுவே டிவி தானாகப் பிரேம்களைச் செய்து செருகுவதால் வரும் வினை அது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. சினிமாவுக்கு அணைத்தே வையுங்கள். கிரிக்கெட்டுக்குப் பிடித்தால் கொஞ்சமாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கோர் ஓரத்தில் வெட்டுப்பட்டால் பிக்சர் சைஸில் ஃபிட் டு ஸ்கிரீன் அல்லது ஜஸ்ட் ஸ்கேன். பழைய கருப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் 4:3 வடிவம். அதை 16:9 திரைக்கு இழுத்து நடிகர்களைக் குண்டாக்காதீர்கள். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: பல டிவிகளில் இந்த மாற்றம் செட்டாப் பாக்ஸ் செருகிய ஹெச்டிஎம்ஐக்கு மட்டும்தான் பொருந்தும், ஓடிடி ஆப்புக்குத் தனி, ஹெச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் கூடுதல் வித்தியாசம் காட்டும் வகை) படம் ஓடும்போது அதற்கும் தனி. அப்ளை டு ஆல் இன்புட்ஸ் என்று இருந்தால் அதைக் கொடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொன்றாகத் திறந்து இதே வரிசையில் வைக்க வேண்டியதுதான். எங்காவது குழம்பிவிட்டால் ரீசெட் பிக்சர் கொடுத்து மறுபடி மோடிலிருந்து ஆரம்பியுங்கள்.