குக்கர் மூன்று விசில் வரைக்கும்: துறுதுறுப்பான பிள்ளையோடு ஒரு நாளை நடத்தும் விதம்

என் மகளுக்கு நான்கு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. எல்.கே.ஜி. போகிறாள். எழுந்ததிலிருந்து தூங்கும்வரை ஓட்டம்தான். சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், அழுதால் தெருமுனைக்கே கேட்கும். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எட்டரைக்குள் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பதுக்கு வேலையில் இருக்க வேண்டும். மதியத்திலிருந்து அத்தை பார்த்துக்கொள்கிறார். ஆறரைக்கு நான் வந்துவிடுவேன். இப்படிப்பட்ட வீட்டில் எனக்குப் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளை அழுது புரளும் ஒவ்வொரு முறையும் மணியையும், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்பதையும் இரண்டு வாரம் குறித்து வையுங்கள். நான் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். பதினான்கு தாளையும் தரையில் பரப்பிப் பார்த்தபோதுதான் விளங்கியது. குளிக்க வரமாட்டேன் என்று அழுத பிள்ளை, குளித்து முடித்ததும் வெளியே வரமாட்டேன் என்றும் அழுதிருக்கிறாள். பூங்காவுக்குக் கிளம்பும்போது ஒரு சண்டை, திரும்பும்போது இன்னொன்று. ஒன்றை விட்டு அடுத்ததற்குப் போகிற இடம்தான் அவளுக்குக் கஷ்டம். கரும்பு மாதிரிதான், கணுவில்தான் பல் இறங்க மாட்டேன் என்கிறது. அன்றிலிருந்து அந்தக் கணுக்களுக்குத்தான் என் கவனம் முழுவதும் போகிறது.

நியூயார்க்கில் 1956இல் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவர்கள் கைக்குழந்தைகளிலிருந்து தொடங்கி, பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளைகளின் சுபாவத்தை ஒன்பது கூறுகளாகப் பிரித்தார்கள். மாற்றத்துக்கு எவ்வளவு சுலபமாகப் பழகுகிறது என்பது அதில் ஒன்று. சத்தம், தொடுகை எல்லாம் எந்த அளவில் உறைக்கிறது என்பது இன்னொன்று. என் மகள் மாற்றத்துக்கு மெதுவாகத்தான் பழகுவாள், சின்னச் சத்தமும் தொடுகையும்கூட அவளுக்கு உறைக்கும். அவள் வேண்டுமென்றே படுத்துகிறாள் என்ற எண்ணம் அதைப் படித்த பிறகு எனக்குப் போய்விட்டது.

சரி, கணுவை எப்படிக் கடப்பது? நேரத்தைச் சொல்லாதீர்கள், எண்ணிக்கையைச் சொல்லுங்கள். ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்பது நான்கு வயதுக்குப் பிடிபடாது. ‘இன்னும் மூணு சறுக்கு கண்ணு, அப்புறம் செருப்பு’ என்றால் பிடிபடும். எண்ணுவது அவள் வாயாகவே இருக்கட்டும். மூன்று என்றால் மூன்றுதான். ஒருநாள் பாவம் பார்த்து நான்காவது கொடுத்தேன். மறுநாள் எட்டுவரை கேட்டு அழுதாள். வீட்டுக்குள் எனக்குக் குக்கர் இருக்கிறது. ‘பருப்புக்கு மூணாவது விசில் வந்ததும் பொம்மையெல்லாம் கூடைக்குள்ள போயிரணும்’ என்று முதல் விசிலுக்கு முன்பே சொல்லிவிடுவேன். விசிலோடு அவளால் வாதாட முடியாது. என்னோடு என்றால் அரைமணி நேரம் வாதாடுவாள்.

அடுத்த வேலையில் அவள் கைக்கு ஏதாவது வைத்திருங்கள். பூங்காவிலிருந்து வரும்போது வீட்டுச் சாவி அவளிடம் இருக்கும். பூட்டைத் திறப்பது அவள் வேலை. சறுக்கை விட்டுவிட்டு வருகிற வருத்தத்தைப் பாதி வழியிலேயே சாவி மறக்கடித்துவிடுகிறது. சாவியைத் துவாரத்தில் நுழைக்க அவளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் நீங்கள் பையோடு நிற்கத்தான் வேண்டும், பிடுங்கக் கூடாது.

பேசும் விதத்தில் நான் மாற்றிக்கொண்ட ஒன்று இருக்கிறது. அன்பாகப் பேசுவதாக நினைத்து ‘குளிக்கலாமா?’, ‘சாப்பிடலாமா?’ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு, சொன்னாள். பிறகு நான் அதை மீறித் தூக்கிக்கொண்டு போவேன். கேட்டுவிட்டு மீறுவது கொடுமை. இப்போது, நடந்தே ஆக வேண்டியதை நடக்கப்போவதாகவே சொல்கிறேன்: ‘குளிக்கிற நேரம் வந்துருச்சு.’ அதற்குள்ளே அவள் முடிவு செய்யக்கூடியதைக் கேட்கிறேன்: ‘சொம்பை நீ எடுத்துட்டு வர்றியா, நான் எடுக்கட்டுமா?’ இரண்டு வழி போதும். மூன்றாவது சொன்னால் குழம்பி அதற்கே அழுவாள்.

சீருடை விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளி தொடங்கிய முதல் மாதம் தினமும் காலையில் சட்டையைப் போட்டதும் கத்தினாள். பள்ளிக்குப் போகப் பிடிக்கவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் அவள் பின்கழுத்தில் சிவந்த கோடு கண்ணில் பட்டது. கழுத்தில் தைத்திருந்த லேபிள். நெய்த லேபிளைச் சூடு வைத்து வெட்டும்போது அதன் ஓரம் உருகி இறுகி, நகம் மாதிரி ஆகிவிடும். பனியன் கம்பெனியில் தினமும் லேபிள் பில் பார்க்கிற எனக்கே அது தோன்றவில்லை. பாதியாக வெட்டினால் மீதி இன்னும் அதிகமாகக் குத்தும். நூல் வெட்டுகிற சின்னக் கட்டரால் தையலைப் பிரித்து முழுவதும் எடுத்துவிடுங்கள். காலுறையில் விரல் நுனித் தையல் உறுத்தினால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். புதுச் சட்டையை இரண்டு முறை துவைத்த பிறகே போடுகிறோம். காலை அழுகையில் பெரும்பகுதி இதோடு நின்றது. ஒரு மாதம் அந்தக் குழந்தை வலிக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்படியும் அழுகை வெடிக்கும் நாள் உண்டு. வெடித்த பிறகு புத்தி சொல்லாதீர்கள், காதில் ஏறாது. கூரான சாமான்களைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் உயரத்துக்குத் தரையில் உட்காருங்கள். ‘அம்மா இங்கதான் இருக்கேன்’ என்று ஒரு தடவை சொன்னால் போதும். மூச்சு தணிந்ததும் தண்ணீர் கொடுங்கள். எதற்கு அழுதாள் என்ற பேச்சை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம். நான் ஒரு முறை அடித்திருக்கிறேன். அன்று தூக்கத்திலும் விம்மினாள். அதற்குப் பிறகு அடித்ததில்லை.

அத்தை ‘ரெண்டு வெச்சா அடங்கிருங் கண்ணு’ என்பார். சில சமயம் ‘பூச்சாண்டி புடிச்சுட்டுப் போயிருவான்’ என்று பயமுறுத்துவார். பெரியவர்களிடம் அழுகை நடக்கும்போதே வாதாடாதீர்கள், பிள்ளையின் முன்னாலும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது சொன்னேன்: ‘அத்தை, ராத்திரி பாத்ரூம் போகக்கூடப் பயப்படுறாளுங்க. பூச்சாண்டியை மட்டும் விட்டுருங்க. நீங்க சின்ன வயசுல காட்டுக்கு எருமை ஓட்டிட்டுப் போன கதையைச் சொல்லுங்க.’ இப்போது இரவுச் சாப்பாடு அந்த எருமைகளோடுதான் நடக்கிறது. தட்டும் காலியாகிறது.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, தூக்கம் 10 முதல் 13 மணி நேரம் என்றும் சொன்னது. மாடி வாடகை வீட்டில் ஓட இடம் இல்லை. அதனால் கனமான வேலைகளைக் கொடுக்கிறேன்: கால் வாளித் தண்ணீரைச் செடிக்குத் தூக்கிப் போவது, சப்பாத்தி மாவைப் பிசைவது, ஈரத்துணியால் தரையைத் தள்ளித் தள்ளித் துடைப்பது. தரை ஈரமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

கல்யாண மண்டபத்துக்குப் போனால் வாசல் பக்கம் உட்காருங்கள், முன்பே வயிற்றை நிரப்பிவிடுங்கள், மேளச் சத்தம் ஏறும்போது வெளியே கூட்டிப் போங்கள். ‘முத்தம் குடு’ என்று யார் கேட்டாலும் கட்டாயப்படுத்தாதீர்கள், கும்பிட்டால் போதும்.

பள்ளியிலும் வீட்டிலும் ஒரே மாதிரி தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ, பேச்சு பின்தங்கியிருந்தாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டாலோ இந்த உத்திகளோடு நிற்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசிக் கணு தூக்கம். எட்டரைக்கு விளக்கை அணைத்துவிட்டு, மறுநாள் நடக்கப்போகிற மூன்று விஷயங்களை வரிசையாகச் சொல்வேன்: ‘காலைல இட்லி. அப்பாவோட வண்டில பள்ளிக்கூடம். சாயங்காலம் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீடு.’ அவள் விரல் மடக்கித் திருப்பிச் சொல்வாள், இரண்டாவது தடவைக்குள் பெரும்பாலும் தூங்கிவிடுவாள். அந்த மூன்றில் ஏதாவது ஒன்று மாறினால், மறுநாள் அவள் கண் விழித்ததும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.