இளஞ்சிவப்புப் பாறைகளின் கரையில் குடும்பத்தோடு ஒரு நாள்: முதன்முறை நடப்பவர்களுக்கான வழிமுறை

பிரான்சின் வடமேற்கில், பிரெத்தாஞ் கடலோரத்தை ஒட்டி ஜெ.எர். 34 என்ற நடைபாதை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் நீள்கிறது. 1791-க்குப் பிறகு, கடத்தலைத் தடுக்கச் சுங்கக் காவலர்கள் இரவும் பகலும் ரோந்து போன தடம் இது. குழந்தைகளோடு முதன்முறை நடக்க இதில் எந்தப் பகுதி நல்லது என்று கேட்டால், பெரோஸ்-கிரெக் ஊரின் த்ரெஸ்த்ராவு கடற்கரையில் தொடங்கி பிளூமனாக் வரை போகச் சொல்வேன். நான்கைந்து கிலோமீட்டர்தான். போகப் போக அழகு கூடிக்கொண்டே வரும் என்பதால் இந்தத் திசையிலேயே நடங்கள்.

படி 1: ஓத அட்டவணையைப் பாருங்கள்

வானிலை அறிக்கையை அப்புறம் பார்க்கலாம். ஓதம் என்றால் கடல் நாள்தோறும் ஏறுவதும் வற்றுவதும். இந்தக் கரையில் பெரிய ஓத நாட்களில் கடல் எட்டு, ஒன்பது மீட்டர் ஏறி இறங்கும். காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் பிள்ளைகள் மணல்வீடு கட்டுவார்கள். சுற்றுலா அலுவலகத்தில் ஓத அட்டவணை கிடைக்கும். அதில் நேரத்தோடு 20 முதல் 120 வரை ஓர் எண்ணும் இருக்கும். எண் பெரிதாக இருந்தால் கடல் வெகுதூரம் வற்றும், அதே வேகத்தில் திரும்பியும் வரும். கோடைக்கால நேரமாற்றத்தைச் சேர்த்துத்தான் அச்சிட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள்; சில அட்டவணைகளில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கடல் முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பிளூமனாக்கில் இருப்பதுபோல் திட்டமிடுங்கள். பெரியவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடுவார்கள். பிள்ளைகளோடு என்றால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

படி 2: பை

காற்றைத் தாங்கும் மேலங்கி கோடையிலும் வேண்டும். வழுக்காத, மூடிய காலணி, தண்ணீர், கொறிக்க ஏதாவது போதும். குழந்தைத் தள்ளுவண்டி இந்தக் கற்களில் உருளாது. கைக்குழந்தையைத் தூக்குபையில் சுமந்து செல்லுங்கள். கடலில் யாருக்காவது ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 196. கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

படி 3: வெள்ளை, சிவப்புக் கோடுகளைப் பின்தொடருங்கள்

பாரிஸிலிருந்து வருபவர்கள் லன்னியோன் வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் வரலாம். த்ரெஸ்த்ராவு மணல்வெளியின் மேற்கு மூலையில் பாதை மேடேறும். கல்லிலோ கம்பத்திலோ மேலே வெள்ளை, கீழே சிவப்பு என இரு பட்டைகள் இருந்தால் வழி சரி. அவை குறுக்கே வெட்டியிருந்தால் அது தவறான வழி. அடையாளத்தைத் தேடும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், நடக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்காது.

வலப்பக்கம் கடலில் தெரிவது ஏழு தீவுகள். 1912 முதல் பறவைகளுக்குப் பாதுகாப்பளிக்கப்பட்ட இடம். அங்கே போகும் படகுகள் த்ரெஸ்த்ராவுவிலிருந்தே புறப்படுகின்றன, ஆனால் அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பாறைகளிடம் நேரம் செலவிடுங்கள்

போர்ஸ் ரொலாந்த் என்ற சிறு கடற்குடாவைக் கடந்ததும் பாறைகள் திரளத் தொடங்கும். வீடளவு பெரிய உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இப்போதே சரிந்துவிடும் என்பதுபோல் நிற்கும். ஆமை, முயல், தொப்பி என்று பிள்ளைகள் பெயர் வைக்கட்டும். பிறகு ஒரு பாறையருகே உட்கார்ந்து, கன்னம் படும் அளவுக்கு நெருங்கிப் பாருங்கள். விரல் நகம் அளவுக்கு இளஞ்சிவப்புப் படிகங்கள் தெரியும், அவைதான் ஃபெல்ட்ஸ்பார். இடையிடையே கண்ணாடிபோல் சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். வெயில் பட்டால் மினுங்கும் கரும்பொட்டுகள் மைக்கா. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெல்ல மெல்ல ஆறியதால்தான் படிகங்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்தன. பாறையின் விரிசல்கள் வழியே நீர் புகுந்து முனைகளை அரித்ததில் இந்த உருண்டை வடிவங்கள் வந்தன.

ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பாதையோரத் தாழ்ந்த கம்பிகளைத் தாண்டாதீர்கள். இங்கே மண் மிக மெல்லியது. அதில் வேர்பிடித்த ஊதா நிற ஹீத்தர் புதர்கள் மிதிபட்டு அழிந்தால் அடுத்த மழையில் மண்ணும் போய்விடும். ஒரு படத்துக்காகப் பத்துப் பேர் ஏறினாலே புதிய தடம் உண்டாகிவிடுகிறது.

படி 5: கலங்கரை விளக்கம், பிறகு மணல்

மேன் ரூஸ் கலங்கரை விளக்கமும் அதே இளஞ்சிவப்புக் கல்லால் ஆனது. பழைய விளக்கம் 1944-இல் ஜெர்மானியப் படையால் தகர்க்கப்பட்டது. இப்போதிருப்பது போருக்குப் பின் கட்டியது. முனையைச் சுற்றி இறங்கினால் சென்-கிரெக் கடற்கரை. ஓதம் ஏறும்போது கடல் சூழ்ந்துகொள்ளும் பாறைமேல் புனித கிரெக்கின் சிறு கல்மாடம் இருக்கிறது. உங்கள் கணக்கு சரியாக இருந்தால் அதுவரை நடந்தே போகலாம். மணமாக வேண்டிய பெண்கள் அதிலிருந்த புனிதரின் மரச்சிலையின் மூக்கில் ஊசி குத்தி வேண்டிக்கொள்வது அக்கால வழக்கம். மூக்கு சிதைந்துபோகவே, 1904-இல் கிரானைட் சிலையை வைத்தார்கள். கடலுக்குள் தெரியும் கொஸ்தாயெரெஸ் மாளிகை தனியார் சொத்து, கரையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

நீர் திரும்பத் தொடங்கியதும் பிள்ளைகளைப் பாறைக்குட்டைகளிலிருந்து அழைத்துவிடுங்கள்.

படி 6: சாப்பாடும் திரும்புதலும்

பிளூமனாக்கில் கலெத் சாப்பிடுங்கள். பக்வீட் மாவில் தோசைபோல மெல்லிதாகச் சுட்டு, முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்து நாற்புறமும் மடித்துத் தருவார்கள். பன்றி இறைச்சி வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் களைத்திருந்தால் பஸ்ஸில் திரும்பலாம். கடைசி பஸ் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தெம்பிருந்தால் வந்த வழியே நடங்கள். சாயங்கால வெயிலில் பாறைகள் செம்பு நிறத்துக்கு மாறிவிடும், காலையில் பார்த்த கரைதானா என்று பிள்ளைகளே கேட்பார்கள்.