எடை குறைப்பு ஒப்பரேஷனுக்குப் பிறகு கஞ்சியும் சொதியும் போதாது

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவர் எடை குறைப்பு ஒப்பரேஷன் முடித்து வீட்டுக்கு வந்தால், அடுப்பில் முதலில் ஏறுவது கஞ்சிதான். பிறகு சொதி விட்டுக் குழைத்த இடியப்பம், பாலில் தோய்த்த பாண், எலும்பு சூப். அன்போடு செய்பவை, வயிற்றுக்கும் இதமானவை. ஆனால் புரதம் மிகக் குறைவு. ஆரம்ப வாரங்களுக்கு மட்டுமான இந்தச் சாப்பாட்டிலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி அகற்றுவார்கள். இரைப்பை பைபாஸில் உணவு போய்ச் சேருவது ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பைக்குள். அங்கிருந்து சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டியே அது போகும். பலருக்கு இறைச்சி மணமே பிடிக்காமல் போகும். உடம்பின் தேவையோ குறைவதில்லை: நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம், சிலருக்கு 80 கிராமோ அதற்கு மேலோ. காலை இரண்டு இடியப்பம், மதியம் நாலு கரண்டி சோறும் பருப்பும், இரவு சூப் என்றால் 20 கிராம் சேருவதே கஷ்டம். மீதியை உடம்பு தன் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். தராசில் கிலோ இறங்க இறங்க வீடே சந்தோஷப்படும். இறங்கியது கொழுப்பா தசையா என்று தராசு சொல்லாது. கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்ப முடிகிறதா என்று பாருங்கள்.

தட்டில் வரிசை மாற வேண்டும். மீன், முட்டை, கோழி, தயிர் முதலில், அடுத்து மரக்கறி, இடமிருந்தால்தான் சோறு. சமைத்த சூரை மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு, ஒரு முட்டையில் 6 கிராம். ஒரே வேளையில் அவ்வளவு இறங்காது, ஐந்தாறு தடவையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கு சோயா மீட் பெரிய உதவி: காய்ந்த நிறையில் ஏறக்குறைய பாதி புரதம். நன்றாக ஊறவைத்து, பொடியாக நறுக்கிச் சமைக்க வேண்டும். பால் ஒத்துக்கொண்டால், கொழுப்பு நீக்கிய பால்மாவை அந்தப் பாலிலேயே மேலும் கரைக்கலாம். கந்தசஷ்டி விரதமோ ரமழான் நோன்போ பிடிப்பதற்கு முன் டொக்டரிடம் கேளுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களும் அப்படித்தான், அவர்களுக்கு அளவு வேறு.

சாப்பாட்டோடு தண்ணீரோ தேத்தண்ணியோ குடித்தால் இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும். அரை மணி நேரம் பொறுங்கள்.

பார்மசியில் புரத மாவு வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். கொலாஜன் மாவில் டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் இல்லை, அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. மோல்ட் மாக்களில் பெரும்பங்கு மாச்சத்தும் சீனியும்தான். பைபாஸ் செய்தவருக்கு அந்தச் சீனி படபடப்பையும் வியர்வையையும் கொண்டுவரலாம்.

மூன்றாம் மாதமளவில் முடி கொட்டத் தொடங்கியதும் எண்ணெயும் பயோட்டின் விற்றமினும் வாங்க ஓடுகிறார்கள். ஒப்பரேஷனும் வேகமான எடை இழப்பும் உடம்புக்குத் தரும் அதிர்ச்சியால் வருவது இது, பெரும்பாலும் தானாக நிற்கும். ஒரு வருடம் நெருங்கியும் கொட்டினால், அல்லது அப்போதுதான் தொடங்கினால், புரதத்தையும் இரும்புச் சத்தையும் சிங்க் என்ற துத்தநாகச் சத்தையும் பார்க்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனையில் அல்புமின் என்ற இரத்தப் புரதம் சரி என்றதும் நிம்மதி அடைவதும் அவசரம்தான். இரத்தத்தில் அது பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட மூன்று வாரம் எடுக்கும்; தசை கரைந்து வெகுநாளாகியும் அறிக்கை நல்லதாகவே இருக்கலாம். கால் வீங்கினால் அது புரதக் குறைவாலும் இருக்கலாம்; உப்பின் மேலோ நெடுநேரம் நின்றதன் மேலோ பழியைப் போட்டுவிட்டு இருக்காதீர்கள், அந்தக் கிழமையே காட்டுங்கள். சிறுகுடலை அதிகமாகத் தாண்டவைக்கும் முறைகளில் புரதக் குறைபாடு வருடங்கள் கழித்தும் வரும், ஆகையால் கிளினிக்கை நிறுத்தக் கூடாது.

தொடர்ந்து வாந்தி வந்தால் மட்டும் வீட்டில் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அப்போது புரதத்தோடு தயமின் என்ற விற்றமின் பி1உம் தீர்ந்துபோகும். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், மூளைக்கு நிரந்தரப் பாதிப்பும் வரலாம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகக்கூடும். எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், சேலைன் ஏற்றுவதற்கு முன்பே, என்ன ஒப்பரேஷன் எப்போது செய்தது, எத்தனை நாளாக வாந்தி என்று கூடப் போகிறவர் சொல்லிவிட வேண்டும்.